போக்கரில் எந்த இருக்கையில் எந்தச் சீட்டை ஆடலாம்? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

போக்கரின் ஒரு வகையான டெக்சாஸ் ஹோல்டெம் கற்கத் தொடங்குபவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது, எந்தக் கை எதை வெல்லும் என்ற வரிசையை. அது ஒரு மாலை நேரத்து வேலை. அடுத்து "எந்தச் சீட்டு வந்தால் ஆடலாம்?" என்று ஒரு பட்டியலைத் தேடுவார்கள். ஆனால் அந்தக் கேள்வி பாதிக் கேள்விதான். கிங்-ஜாக் நல்ல சீட்டா என்று என்னைக் கேட்டால், நீங்கள் எந்த இருக்கையில் இருக்கிறீர்கள் என்பது தெரியாமல் நான் பதில் சொல்ல மாட்டேன். போக்கரில் புதியவர் ஒருவர் முதலில் பழக வேண்டியது இதைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

அடிப்படை விதிகள் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்: கையில் இரண்டு சீட்டு, மேசையில் ஐந்து பொதுச் சீட்டு. எல்லா உதாரணங்களுக்கும் ஒரே மேசை: ஆறு பேர், ஒவ்வொருவரிடமும் 10,000 சிப், ஸ்மால் பிளைண்ட் 50, பிக் பிளைண்ட் 100 (சீட்டு வரும் முன்பே இருவர் கட்டாயமாகக் கட்டும் தொகைகள்).

படி 1: பட்டனைத் தேடுங்கள்

சீட்டு கைக்கு வந்ததும் அதைத் திருப்பிப் பார்க்க அவசரப்படாதீர்கள். டீலர் பட்டன் (சீட்டுப் போடுபவரின் இடத்தைக் குறிக்கும் வில்லை) யார் முன்னால் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதற்கு இடப்பக்கம் இருப்பவர் ஸ்மால் பிளைண்ட், அவருக்கு அடுத்தவர் பிக் பிளைண்ட். அதற்கும் அடுத்த இருக்கை அண்டர் த கன். ஃப்ளாப்புக்கு (முதல் மூன்று பொதுச் சீட்டு திறக்கப்படுவதற்கு) முன் முதலில் முடிவெடுக்க வேண்டியவர் அவர். பிறகு ஹைஜாக், கட்ஆஃப், கடைசியில் பட்டன். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பட்டன் கடிகாரச் சுற்றில் ஓர் இருக்கை நகரும். அதனால் நல்ல இடமும் மோசமான இடமும் எல்லாருக்கும் மாறி மாறி வரும்.

புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஃப்ளாப்புக்கு முன் கடைசியாகப் பேசுபவர் பிக் பிளைண்ட். ஃப்ளாப் விழுந்ததும் வரிசை மாறிவிடும். ஸ்மால் பிளைண்ட் முதலில், பட்டன் கடைசியில். டர்ன் (நான்காம் பொதுச் சீட்டு), ரிவர் (ஐந்தாம் பொதுச் சீட்டு) இரண்டிலும் இதே வரிசைதான். பெரிய தொகை நகர்வது இந்த மூன்று சுற்றுகளில் என்பதால், ஃப்ளாப்புக்குப் பிறகு யார் கடைசி என்பதுதான் நமக்கு முக்கியம். இரண்டே பேர் ஆடும்போது மட்டும் பட்டனில் இருப்பவரே ஸ்மால் பிளைண்டும் கட்டுவார். ஃப்ளாப்புக்கு முன் அவர் முதலில் பேசுவார், அதற்குப் பிறகு எப்போதும் கடைசியில்.

படி 2: உங்களுக்குப் பின்னால் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்

ரம்மி ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. முன்னால் இருப்பவர் எதைக் கீழே போட்டார் என்று பார்த்துத்தானே நம் முறையை ஆடுகிறோம். போக்கரில் இந்த வசதி எல்லாருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை.

கணக்காகவே பார்த்துவிடலாம். 52 சீட்டில் இருந்து இரண்டு சீட்டு 1,326 விதமாக வரலாம். அவற்றில் 10 முதல் ஏஸ் வரையிலான ஜோடிகள், ஏஸ்-கிங், ஏஸ்-குயின் எல்லாம் சேர்த்து 62 விதம். அதாவது 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அண்டர் த கன்னில் உங்களுக்குப் பின்னால் ஐந்து பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடமாவது இப்படி ஒரு பலமான கை இருக்க ஏறத்தாழ 21 சதவீத வாய்ப்பு. பட்டனில், முன்னால் எல்லாரும் விலகிவிட்ட நிலையில், மீதம் இருவர்தான். வாய்ப்பு 9 சதவீதமாக இறங்கிவிடும். ஒன்பது பேர் மேசையில் முதல் இருக்கை என்றால் 32 சதவீதம் வரை ஏறும். உங்கள் சீட்டு அதேதான், அதைச் சுற்றியுள்ள ஆபத்து மட்டும் மாறியிருக்கிறது.

படி 3: இருக்கைக்கு ஏற்பச் சீட்டைத் தேர்ந்தெடுங்கள்

முன்னால் யாரும் ரெய்ஸ் செய்யாதபோது (தொகையை உயர்த்தாதபோது), தொடக்கத்துக்கு இந்த அளவு போதும்.

அண்டர் த கன்: 7 முதல் ஏஸ் வரையிலான ஜோடிகள், ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ஒரே சூட்டில் (ஒரே சின்னத்தில்) ஏஸ்-ஜாக், ஏஸ்-10, கிங்-குயின். மற்றதை யோசிக்காமல் கவிழ்த்துவிடுங்கள். ஹைஜாக்கில் 5, 6 ஜோடிகளையும் சூட் ஒன்றாக இல்லாத ஏஸ்-ஜாக்கையும் சேர்க்கலாம்.

கட்ஆஃப்பில் கொஞ்சம் மூச்சு விடலாம். எல்லா ஜோடிகளும், ஒரே சூட்டில் ஏஸோடு வரும் எந்தச் சீட்டும், கிங்-குயின், கிங்-ஜாக், ஒரே சூட்டில் 9-8, 8-7 போன்ற தொடர் சீட்டுகளும் சரி. பட்டனில் இன்னும் விரியும்: எந்த ஏஸும், கிங்-10, குயின்-10, ஜாக்-10, ஒரே சூட்டில் பெரும்பாலான கிங்குகள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் பட்டனில் நாற்பது சதவீதத்துக்கு மேலான கைகளைத் திறப்பார்கள், அதாவது முதல் ஆளாக ரெய்ஸ் செய்வார்கள். தொடக்கத்தில் உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை.

திறக்கும்போது வெறுமனே 100 கட்டி உள்ளே வராதீர்கள், 250-க்கு ரெய்ஸ் செய்யுங்கள். ஏற்கெனவே ஒருவர் ரெய்ஸ் செய்திருந்தால் இந்தப் பட்டியல் செல்லாது. அப்போது பார்க்க வேண்டியது அவருடைய இருக்கை. அண்டர் த கன்னில் இருந்து ரெய்ஸ் வந்தால் சூட் ஒன்றாக இல்லாத ஏஸ்-ஜாக்கைக்கூட விட்டுவிடலாம். பட்டனில் இருந்து வந்தால் அதே ஏஸ்-ஜாக்கை வைத்து பிக் பிளைண்டில் தாராளமாக எதிர்த்து நிற்கலாம்.

படி 4: ஒரே கையை இரண்டு இடத்தில் ஆடிப் பாருங்கள்

இந்தப் படியை நிதானமாகப் படியுங்கள். ஒரு சீட்டுக்கட்டை எடுத்து மேசையில் விரித்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

உங்களிடம் இஸ்பேட் கிங், டைமன் ஜாக். நீங்கள் பட்டன். எல்லாரும் விலகிவிட, 250-க்கு ரெய்ஸ் செய்கிறீர்கள். பிக் பிளைண்ட் கால் செய்கிறார், அதாவது அதே அளவுக்குக் கட்டுகிறார். பாட் (நடுவில் சேர்ந்த மொத்தத் தொகை) 550. ஃப்ளாப்பில் கிங், 8, 4, மூன்றும் வேறு வேறு சூட். அவர் செக் (எதுவும் கட்டாமல் முறையைக் கடத்துகிறார்). நீங்கள் 250 பெட், அவர் கால். பாட் 1,050. டர்னில் ஒரு 9. மறுபடி செக் செய்கிறார்.

இப்போது முடிவு உங்கள் கையில். உங்களிடம் ஒரு நல்ல ஜோடி இருக்கிறது, ஆனால் மொத்த சிப்பையும் பணயம் வைக்கும் அளவு பலம் இல்லை. நீங்களும் செக் செய்தால் பாட் 1,050-லேயே நின்றுவிடும். ரிவரில் அவர் செக் செய்தால் சிறிதாக பெட் கட்டி மதிப்பை வாங்கலாம். அவரே 500 கட்டினால் கால் செய்யலாம். பாட் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் நீங்கள்.

சரி, அதே சீட்டோடு அண்டர் த கன்னுக்கு வாருங்கள். 250 ரெய்ஸ், பட்டன் கால், பிளைண்டுகள் இருவரும் விலகுகிறார்கள். பாட் 650. அதே ஃப்ளாப். நீங்கள்தான் முதலில் பேச வேண்டும். 250 பெட், அவர் கால். பாட் 1,150. டர்னில் அதே 9. என்ன செய்வீர்கள்? மறுபடி பெட் கட்டினால், உங்களை வெல்லும் கைகள்தான் அதிகம் தங்கும்: ஏஸ்-கிங், கிங்-குயின், மூன்று 8, மூன்று 4. செக் செய்தால் அவர் 800 கட்டலாம். அது நிஜமா, மிரட்டலா என்று தெரியாமல் விழிக்க வேண்டும். பாட்டின் அளவு இப்போது அவர் விருப்பம். முதல் இருக்கையில் சூட் ஒன்றாக இல்லாத கிங்-ஜாக்கைக் கவிழ்க்கச் சொன்ன காரணம் இதுதான்.

இன்னொரு லாபமும் உண்டு. உங்களிடம் ஆர்ட்டினில் 9-8, ஃப்ளாப்பில் இரண்டு ஆர்ட்டின். அடுத்த சீட்டில் ஃப்ளஷ் (ஒரே சூட்டில் ஐந்து சீட்டு) அமைய 47-க்கு 9, அதாவது 19 சதவீதம். பட்டனில் இருந்தால், எதிராளி செக் செய்தபின் நீங்களும் செக் செய்து டர்னைக் காசு கொடுக்காமல் பார்க்கலாம். முதலில் பேசுபவருக்கு இந்தச் சலுகை அவர் கையில் இல்லை. அவர் செக் செய்தாலும் பின்னால் இருப்பவர் விலை வைத்துவிடலாம்.

படி 5: பட்டனில் இருந்து பிளைண்டுகளைத் திருடுங்கள்

எல்லாரும் விலகிவிட்டார்கள், நீங்கள் பட்டன். 250 போட்டு, நடுவில் கிடக்கும் 150-ஐக் குறிவைக்கிறீர்கள். 250-ஐ 400-ஆல் வகுத்தால் 62.5. அத்தனை சதவீத முறை இருவரும் விலகினால், உங்கள் சீட்டு வெறும் காகிதமாக இருந்தாலும் நட்டம் இல்லை. ஒவ்வொருவரும் ஐந்தில் நான்கு முறை விலகினால், இருவரும் சேர்ந்து விலகுவது 64 சதவீதம். எட்டக்கூடிய கணக்குதான். கட்ஆஃப்பில் மூன்று பேர் விலக வேண்டும், அது 51 சதவீதமாக இறங்கிவிடும். அதனால் அங்கே கையில் கொஞ்சம் சரக்கு வேண்டும்.

நார்வேயின் அன்னெட் ஒப்ரெஸ்டாட் 2007-ல் 180 பேர் கலந்துகொண்ட ஓர் ஆன்லைன் போட்டியில், ஒரே ஒரு முறை தவிர தன் சீட்டையே பார்க்காமல் ஆடி வென்றார். இருக்கையையும் எதிராளிகளின் பெட்டையும் மட்டுமே கவனித்தார். அதே ஆண்டு லண்டனில் நடந்த வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் யூரோப்பின் முதன்மைப் போட்டியையும் 18 வயதில் வென்றார். இடத்தைக் கவனிப்பதன் வலிமைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

படி 6: பிளைண்டுகளில் கையை அடக்குங்கள்

பிக் பிளைண்டில் உங்களுக்குத் தள்ளுபடி உண்டு. பட்டன் 250 கட்டி, ஸ்மால் பிளைண்ட் விலகினால், 150 போட்டு 400-க்கு ஆடுகிறீர்கள். 27 சதவீதம் ஜெயித்தால் போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் ஃப்ளாப்புக்குப் பிறகு அவருக்கு முன்பே நீங்கள் பேச வேண்டியிருப்பதால், ஜெயித்திருக்க வேண்டிய சில கைகளை வழியிலேயே விடுவீர்கள். அதனால் விளிம்பில் நிற்கும் கைகளை விட்டுவிடுங்கள்.

ஸ்மால் பிளைண்ட் மேசையிலேயே மோசமான இடம். முன்னால் ரெய்ஸ் வந்தால், "பாதி கட்டியாயிற்றே" என்று கால் செய்யாதீர்கள். நல்ல கை என்றால் மறு ரெய்ஸ், இல்லையென்றால் ஃபோல்ட் (கவிழ்த்து விலகுவது).

படி 7: பக்கத்தில் யார் என்று பாருங்கள்

இருக்கையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், அடிக்கடி ரெய்ஸ் செய்பவர் உங்களுக்கு வலப்பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். அவர் பேசிய பிறகு நீங்கள் பேசலாம். எதற்கும் விலகிவிடும் அமைதியான ஆட்கள் இடப்பக்கம் இருந்தால், பிளைண்டுகளைத் திருடுவது எளிது.

சிப் குறையக் குறைய இந்த லாபமும் தேயும். கையில் 1,000 சிப் மட்டும் இருந்து, ஃப்ளாப்புக்கு முன்பே எல்லாவற்றையும் தள்ளிவிட்டால், அதன்பின் யார் கடைசி என்ற கேள்வியே எழாது.

படி 8: குறித்து வைத்துப் பழகுங்கள்

இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. பழகுவதற்குப் பணம் தேவையும் இல்லை. நண்பர்களோடு மதிப்பில்லாத சிப் வைத்து ஆடுங்கள். ஒரு நோட்டில் ஆறு இருக்கைக்கும் ஆறு பத்தி போட்டு, ஒவ்வொரு ஆட்டத்திலும் எந்த இடத்தில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று எழுதுங்கள். சில நூறு ஆட்டங்கள் ஆகும் வரை எண்களை நம்பாதீர்கள், அதிர்ஷ்டத்தின் சத்தம் அதிகமாக இருக்கும்.

பட்டன் பத்தி போகப்போக மேலே நிற்க வேண்டும். பிக் பிளைண்ட் பத்தி இறக்கத்தில் இருப்பதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். சிறந்த ஆட்டக்காரர்களுக்கும் அது இறக்கம்தான். அங்கே ஒப்பிட வேண்டியது எல்லாவற்றையும் ஃபோல்ட் செய்திருந்தால் வந்திருக்கும் நட்டத்தோடு. 100 முறை பிக் பிளைண்டில் அமர்ந்து 4,000 சிப் இழந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஆடாமல் ஒவ்வொரு முறையும் கவிழ்த்திருந்தால் 10,000 போயிருக்கும், ஆகவே நீங்கள் 6,000 சிப்பைக் காப்பாற்றியிருக்கிறீர்கள்.