பனம்பழம் பிடிக்கும் கேம்: முதல் விளையாட்டைக் கட்டுவது எப்படி

2003 இல் வன்னியில், மல்லாவியில் எங்களுக்கு மின்சாரம் கிடையாது. ஒரு கொமினிகேசன் கடையில் (ரெலிபோன் கடை) பின்னேரம் ஆறு மணிக்கு ஜெனரேற்றர் போடுவார்கள், எட்டு மணிக்கு நிறுத்துவார்கள். போரால் மூடியிருந்த யாழ்ப்பாண வீதியான ஏ9 பாதை 2002 இல் திறந்த பிறகு கொழும்பிலிருந்து வந்த பழைய கொம்பியூட்டர் ஒன்று அங்கே இருந்தது. கடைக்காரருக்கு வேண்டிய கடிதங்களைத் தட்டிக் கொடுத்துவிட்டு, மிஞ்சும் நேரத்தில்தான் நான் கேம் எழுதினேன். அதனால் என்னுடைய வேலை எல்லாம் பகலில், கொப்பியில் நடந்தது. இன்று நாள் முழுக்கக் கரண்ட் இருக்கிறது. ஆனாலும் கொப்பியில் தொடங்குங்கள் என்றுதான் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

முதலில் எதைச் செய்வது? கார் ஓட்டமும் துவக்குச் சண்டையும் இப்போதைக்கு வேண்டாம். ஒன்று விழ வேண்டும், ஒன்று அசைய வேண்டும், அவ்வளவு போதும். பூநகரியில் அம்மம்மாவின் வளவில் ஆவணி, புரட்டாதியில் விடிய முன்னமே பனம்பழம் தொப்பென்று விழும். சத்தம் கேட்டதும் கடகத்தோடு, அதாவது பனையோலைக் கூடையோடு, ஓடுவோம். அதுதான் எனது முதல் கேம்: மேலிருந்து பழம் விழுகிறது, கீழே கடகம் இடமும் வலமும் போகிறது.

கட்டம் போட்ட கணக்குக் கொப்பியை எடுங்கள். நான் எழுதியது க்யூபேசிக் என்ற பழைய புரோகிராம் மொழியில். அதில் ஸ்கிரீன் 13 என்று போட்டால் திரை குறுக்கே 320 புள்ளி, நெடுக்கே 200 புள்ளி. ஒரு கட்டத்தைப் பத்துப் புள்ளியாக வைத்தால் 32 கட்டம், 20 கட்டம். அந்தப் பெட்டியைக் கீறுங்கள். இடது மேல் மூலைதான் பூச்சியம். கீழே போகப் போக எண் கூடும். பள்ளிக்கூடத்து வரைபுக்கு இது தலைகீழ், அதனால் பக்கத்தில் அம்புக்குறி போட்டு வையுங்கள். கடகம் 30 புள்ளி அகலம், அதன் மேல் விளிம்பு 185 ஆம் வரியில். பழம் 5 புள்ளி ஆரமுள்ள வட்டம். இந்த எண்களைக் கொப்பியிலேயே முடிவு செய்தால் திரைக்கு முன்னால் இருந்து யோசிக்கத் தேவையில்லை.

இப்போது க்யூபி64 என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய க்யூபேசிக் எழுதிய கையோடே அதில் எழுதலாம். கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், ஆனால் மாறிகளுக்கு, அதாவது மாறும் எண்களை வைத்திருக்கும் பெட்டிகளுக்கு, தமிழ்ப் பெயர் வைக்கலாம். கடகம், பழம், தவறு என்று ஆங்கில எழுத்தில் தட்டித்தான் நான் வைத்தேன். ஒரு மாதம் கழித்துத் திறந்து பார்த்தாலும் எது எது என்று விளங்கும்.

கடகத்துக்கு லைன் கட்டளையால் நிரப்பிய பெட்டி, பழத்துக்குச் சேர்க்கிள், உள்ளே நிறத்துக்குப் பெயின்ட். பனம்பழம் கறுப்புத்தான், ஆனால் கறுப்புத் திரையில் கறுப்புப் பழம் தெரியாது. ஆறாம் எண் மண்ணிறத்தைக் கொடுங்கள். அசைவு என்பது பழைய இடத்தை அழித்துப் புதிய இடத்தில் வரைவது. ஒவ்வொரு முறையும் முழுத் திரையையும் துடைத்தால் கண் கூசுமளவுக்கு மினுங்கும். பழம் நின்ற இடத்தின் மேல் மட்டும் சிறிய கறுப்புப் பெட்டி ஒன்றை வைத்து மறையுங்கள், கடகத்துக்கும் அப்படியே.

எந்த விசை அமத்தப்பட்டது என்று அறிய இன்கீ கட்டளை. அம்புக்குறி விசையை அது இரண்டு எழுத்தாகத் தரும்: முதலாவது பூச்சிய எண் கொண்ட எழுத்து, அடுத்தது இடப்பக்கத்துக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துக் கே, வலப்பக்கத்துக்குப் பெரிய எழுத்து எம். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. விசையை அமத்திப் பிடித்தால் கடகம் ஒரு தரம் அசைந்து, கொஞ்சம் நின்று, பிறகுதான் தொடர்ந்து ஓடும். அந்தச் சின்ன இடைவெளிக்குள் பழம் விழுந்துவிடும். திசை என்று ஒரு மாறி வையுங்கள். இடது விசை அதை −1 ஆக்கட்டும், வலது 1 ஆக்கட்டும், ஸ்பேஸ் விசை பூச்சியமாக்கட்டும். ஒரு தட்டுத் தட்டினால் கடகம் தானே போய்க்கொண்டிருக்கும். இதற்குக் கை பழக ஐந்து நிமிடம் போதும்.

இனி வேகம். இதில்தான் நான் மோசமாகச் சறுக்கினேன். பழம் மெதுவாக விழ வேண்டும் என்பதற்காக ஒன்றும் செய்யாமல் இருபதாயிரம் வரை எண்ணும் ஒரு சுற்றை (லூப்) நடுவில் வைத்தேன். கடைக் கொம்பியூட்டரில் அளவாக இருந்தது. புளொப்பியில் கொண்டுபோய் வவுனியாவில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பில் போட்டேன். பழம் விழுந்ததே கண்ணில் படவில்லை, மூன்று தவறு என்று ஆட்டம் முடிந்துவிட்டது. அந்த இயந்திரம் அவ்வளவு விரைவாக எண்ணியிருக்கிறது.

1978 இல் ஜப்பானில் தோமோஹிரோ நிஷிகாடோ ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற கேமைச் செய்தபோது, அத்தனை எதிரிகளையும் வரைய அவருடைய இயந்திரம் திணறியது. சுடச்சுட எண்ணிக்கை குறைந்தது, மிஞ்சியவை விரைவாக ஓடின. அவர் அதைத் திருத்தாமல் விட்டார், அந்தப் பதற்றத்துக்காகவே ஆட்கள் காசு போட்டு விளையாடினார்கள். அவருடைய ஆட்டம் அதற்கென்றே செய்த இயந்திரத்தில் ஓடியது. உங்களுடைய கேம் எந்த வீட்டுக் கொம்பியூட்டருக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே மணிக்கூட்டைப் பார்த்து ஓட்டுங்கள். க்யூபி64 இல் லிமிட் 20 என்று, முன்னால் அடிக்கோடு போட்டு எழுதினால் கேமின் முதன்மைச் சுற்று விநாடிக்கு இருபது தரத்துக்கு மேல் ஓடாது. பழைய க்யூபேசிக்கில் கொம்பியூட்டரின் மணிக்கூட்டைச் சொல்லும் டைமரை வைத்துக் காத்திருக்க வேண்டும், நடுச்சாமத்தில் அது பூச்சியத்துக்குத் திரும்பிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பழம் ஒரு சுற்றுக்கு 3 புள்ளி இறங்கினால் கடகத்துக்கு வர மூன்று விநாடி. கடகம் ஒரு சுற்றுக்கு 6 புள்ளி போனால் கரைக்குக் கரை இரண்டரை விநாடிகூட இல்லை. அப்படியென்றால் பிடிக்க முடியாத பழம் என்று ஒன்று வராது. ஐந்து பழம் பிடித்ததும் பழத்துக்கு ஒன்றைக் கூட்டும்போது கடகத்துக்கு இரண்டைக் கூட்டுங்கள், அந்த நியாயம் கெடாது. தோற்கிற பிள்ளை தன் கை பிந்தியதால் தோற்க வேண்டும், உங்கள் கணக்கால் தோற்கக் கூடாது.

பிடிபட்டதா என்று பார்க்கும் வரியில் கவனம் தேவை. பழத்தின் நடுப்புள்ளி 180 ஆம் வரிக்கு வரும்போது அது கடகத்தைத் தொடும். ஆனால் "180 க்குச் சமமா" என்று கேட்காதீர்கள். வேகம் 7 ஆனதும் பழம் 175 இலிருந்து 182 க்குத் தாவிவிடும், கேள்விக்கு அகப்படாது. "180 ஐ எட்டியதா அல்லது தாண்டியதா" என்று கேளுங்கள். பக்கவாட்டில் பழத்தின் நடுவுக்கும் கடகத்தின் நடுவுக்கும் உள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும். கடகத்தின் அரை அகலம் 15. பிடிபட்டதாகக் கொள்ளும் எல்லையையும் நான் 15 என்றே வைத்திருந்தேன். கடைக்காரரின் மகன் விளையாடிவிட்டு, "அண்ணை, விளிம்பிலை பட்டது தானே, ஏன் கீழ விழுந்தது?" என்று கேட்டான். அவன் கேட்டது சரி. 18 ஆக்கினேன்.

அதே பெடியன்தான் இன்னொன்றையும் காட்டித் தந்தான். மூன்றாம் நாள் அவன் பழம் தெரிய முன்னமே கடகத்தைக் கொண்டுபோய் வைக்கத் தொடங்கினான். ரண்டமைஸ் டைமர் என்ற வரியை நான் தொடக்கத்தில் போடவில்லை. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் பழம் அதே ஒழுங்கில்தான் விழும். அவன் ஒழுங்கைப் பாடமாக்கிவிட்டான். ஆகவே கேம் ஓடத் தொடங்கியதும் ஒரு பிள்ளையை இருத்தி, ஒன்றும் சொல்லிக் கொடுக்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள். எங்கே கை தடுமாறுகிறது, எங்கே சலிக்கிறது என்பதைக் கொப்பியில் குறியுங்கள்.

சத்தத்துக்குச் சவுண்ட் கட்டளை. நிலத்தில் விழுந்தால் அதிர்வெண் 80, கடகத்தில் விழுந்தால் 600, இரண்டுக்கும் நேரம் 1. நேரம் 18 என்றால் ஏறக்குறைய ஒரு விநாடி, ஆகவே 1 என்பது மிகச் சின்னத் தட்டல். போதும்.

முடிந்ததும் பென்ட்ரைவில் ஒரு பிரதி எடுங்கள், பிறகு முழுப் புரோகிராமையும் கையால் கொப்பியில் எழுதுங்கள். யானை கலைக்கும் கேம் ஒன்றும் செய்திருந்தேன். வயலுக்குள் இறங்கும் யானைகளை வெடி போட்டுத் திருப்ப வேண்டும். அது புளொப்பியில் மட்டும்தான் இருந்தது. 2008 இல் போரால் மல்லாவியை விட்டு வெளிக்கிட்டபோது புளொப்பிகள் வீட்டோடு போய்விட்டன. பனம்பழக் கொப்பி மட்டும் தப்பியது. அதன் கடைசிப் பக்கத்தில் அம்மா சொந்தக்காரரின் ரெலிபோன் நம்பர்களை எழுதியிருந்தார், அதனால் அது எங்கள் பைக்குள்ளேயே வந்தது. இப்போது பிள்ளைகளுக்குக் காட்டுவது அதைப் பார்த்துத் தட்டியதுதான். நீலப் பேனையால் எழுதியது புரோகிராம், சிவப்பால் எழுதியது கடைக்காரரின் மகன் கண்டுபிடித்த பிழைகள்.