தாடி ஓணானுக்குக் கூண்டு: காரைக்குடி வெயிலில் ஒரு செய்முறை

"இந்த ஊரு வெயிலு பத்தாதாக்கும், ஓணானுக்கு லைட்டு வேறயா?" என்று அப்பத்தா கேட்டார்கள். தாடி ஓணான் என்கிற பியர்டட் டிராகன் வாங்கும் எல்லார் வீட்டிலும் எழும் கேள்விதான். இந்தப் பிராணி ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பகுதியைச் சேர்ந்தது. சூடு நம் ஊரில் தாராளம். ஆனால் அதன் எலும்புக்கு வேண்டிய யூவிபி என்னும் புற ஊதாக் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வராது. அது கிடைக்காவிட்டால் சுண்ணாம்புச் சத்து உடம்பில் ஒட்டாது; தாடை மெத்தென்றாகி, கால் வளைந்துவிடும்.

முதலில் பெட்டி. வளர்ந்த ஓணான் வால் நுனிவரை ஒன்றரை அடிக்கு மேல் இருக்கும். அதனால் 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் வேண்டும். ஆசாரியிடம் பிளைவுட்டில் அடிக்கச் சொல்லி, முன்பக்கம் தள்ளு கண்ணாடி வையுங்கள். பக்கவாட்டில் காற்றோட்டத்துக்கு வலை. வார்னிஷ் வாடை முழுதாகப் போகும்வரை ஓணானை உள்ளே விடாதீர்கள்.

தரைக்கு மணல் வேண்டாம். குட்டிகள் இரையோடு மணலையும் விழுங்கி, குடல் அடைத்துக்கொள்ளும். நம்மிடம்தான் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் இருக்கிறதே! வீட்டில் மிச்சமிருக்கும் கல்லைக் கழுவிக் காயவைத்து, விளக்கு வரப்போகும் சூடான பக்கத்தில் மட்டும் பூப்போட்ட முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போடுங்கள். கண்ணாடிமேல் வார்த்த முகம் வழவழவென்று நகத்தை வழுக்கிவிடும். சொரசொரப்பான அடிப்பக்கம் பிடிமானம் கொடுக்கும். என் ஓணான் அதன்மேல் வயிற்றைப் பரப்பி, விரல்களை விரித்துப் படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இனி விளக்கு. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரு கோடியில் சூட்டுக்கு ஹாலஜன் பல்பு. அதன் கீழே ஒரு கட்டை. கட்டையின்மேல் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். மறு கோடி 25 முதல் 29. அங்கே ஒளிய ஓர் ஓட்டுத்துண்டு. பல்பு இருக்கும் பக்கமே, பெட்டியின் பாதி நீளத்துக்காவது டி5 என்ற மெல்லிய வகை யூவிபி டியூப் மாட்டுங்கள். முதுகுக்கும் டியூபுக்கும் ஓரடிக்குக் குறையாத இடைவெளி வேண்டும். டியூப் வரும் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தையும் பாருங்கள். பகலில் 12 மணி நேரம் எரியட்டும், இரவில் எல்லாம் அணையட்டும். வெளிச்சம் குறையாவிட்டாலும் வருடம் ஒருமுறை டியூபை மாற்றுங்கள்; கதிர் முன்பே குறைந்துவிடும். கடையில் விற்கும், மின்சாரத்தில் சூடாகும் சூட்டுக் கல் வாங்க வேண்டாம், வயிறு வெந்துவிடும்.

இரு கோடியிலும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்து, இரண்டு நாள் வெறும் பெட்டியை ஓட்டிப் பாருங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் நிலைமை தலைகீழ். பெட்டியை முற்றத்து வெயிலில் வைக்கவே கூடாது. கண்ணாடிக்குள் கொஞ்ச நேரத்தில் வெந்துவிடும். இரண்டாம் கட்டின் குளிர்ந்த அறைக்கு மாற்றி, ஹாலஜனை மட்டும் அணையுங்கள், யூவிபி எரியட்டும். விளக்கின் கீழே வாய் பிளந்திருந்தால் கவலையில்லை. குளிர்ந்த மூலையிலும் பிளந்திருந்தால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.