பழைய வால்வு ஸ்டீரியோ ஆம்ப் வாங்குவது எப்படி: ஒரு மணி நேரம் ஓட விட்டுப் பாருங்கள்

வால்வு ஆம்ப் (கண்ணாடி வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) ஒன்று வாங்கியே தீருவது என்று முடிவு செய்துவிட்டு, எதை வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958-ல் பரவலாக விற்பனைக்கு வந்தன. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் டிரான்சிஸ்டர் வந்து வால்வை ஓரங்கட்டிவிட்டது. நாம் தேடுகிற பொருள்கள் பெரும்பாலும் இந்தக் குறுகிய காலத்தில் செய்யப்பட்டவைதான். எல்லாவற்றுக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு படியையும் பார்க்க வேண்டும்.

மல்டிமீட்டரைப் பிடிக்கத் தெரியும், மின்தடை அளக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: முதலில் ஸ்பீக்கரைப் பாருங்கள்

ஆம்ப்பை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் ஸ்பீக்கர் தேடுவது தலைகீழ் வேலை. உங்கள் ஸ்பீக்கரின் பின்புறமோ கையேட்டிலோ சென்சிடிவிட்டி என்று ஒரு எண் இருக்கும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் கேட்கும் என்பதுதான் அது. 3 டெசிபல் குறைந்தால், அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும். 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 10 வாட் தாராளமாகப் போதும் என்றால், 85 டெசிபல் ஸ்பீக்கருக்கு அதே சத்தத்துக்கு 30 வாட்டுக்கு மேல் தேவைப்படும்.

என் கணக்கு இதுதான்: 90-ம் அதற்கு மேலும் இருந்தால் ஈஎல்84 என்ற சிறிய வால்வு போட்ட ஆம்ப்பை யோசிக்காமல் வாங்கலாம். அதற்குக் கீழே என்றால் இன்னும் அதிக வாட் தரும் 7591 அல்லது ஈஎல்34 வால்வுகள் பக்கம் போங்கள். ஸ்பீக்கர் 4 ஓமா, 8 ஓமா, 16 ஓமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஆம்ப்களில் ஒவ்வொன்றுக்கும் தனி முனை இருக்கும்.

அந்தக் கால விளம்பரங்களில் வரும் வாட் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு சேனலையும் கூட்டி, அதுவும் நொடிப்பொழுது உச்சத்தைக் கணக்கில் எடுத்துச் சொல்வது அப்போது வழக்கமாக இருந்தது.

படி 2: ரிசீவரா, இன்டெக்ரேட்டடா, பவர் ஆம்ப்பா?

ரிசீவரில் ரேடியோ, ப்ரீஆம்ப் (சிக்னலைத் தேர்ந்தெடுத்து, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பகுதி), பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் பகுதி) மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கும். ஃபிஷர் 500-சி இதற்குப் பேர்போனது. அதனுடன் ஏஎம் ரேடியோவும் வேண்டும் என்றால் 800-சி. டயல் ஒளிர்ந்துகொண்டு மர அலமாரியில் உட்கார்ந்திருக்கும் அழகுக்கு ஈடில்லை. ஆனால் பதினைந்து இருபது வால்வுகள் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். ரேடியோப் பகுதியைச் சீர்செய்யத் தனிக் கருவிகள் வேண்டும். அமெரிக்காவில் எஃப்எம் ஸ்டீரியோ ஒலிபரப்பு 1961 ஜூன் மாதம்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய ரிசீவரில் ஸ்டீரியோ எஃப்எம் கேட்க வேண்டும் என்றால் வெளியே தனியாக ஒரு அடாப்டர் போட வேண்டும்.

பவர் ஆம்ப் மட்டும் என்றால் டைனகோ ஸ்டீரியோ 70. 1959-ல் வந்தது. பெரும்பாலும் கிட்டாக விற்றதை வாங்கியவர்களே வீட்டில் பூட்டினார்கள். சேனலுக்கு 35 வாட், நான்கு ஈஎல்34. உள்ளே இருப்பது கொஞ்சம்தான் என்பதால் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான பெட்டி இல்லை. ஆனால் தனியாக ஒரு ப்ரீஆம்ப் வேண்டும். வால்யூம் குமிழ்கூட இதில் கிடையாது. அது தெரியாமல் வாங்கிவிட்டுத் திகைப்பவர்கள் உண்டு.

முதன்முறை வாங்குபவருக்கு நான் சொல்வது இன்டெக்ரேட்டட்தான், அதாவது ப்ரீஆம்ப்பும் பவர் ஆம்ப்பும் ஒரே பெட்டியில் இருப்பது. ஸ்காட் 299 வரிசை, ஐகோ எச்எஃப்-81 போன்றவை. ரேடியோவின் சிக்கல் இல்லை, தனி ப்ரீஆம்ப் தேட வேண்டியதும் இல்லை, ரெக்கார்ட் பிளேயரை நேராகச் சொருகலாம். எச்எஃப்-81 சேனலுக்கு 14 வாட்தான் தரும். அந்த 14 வாட்டில் மனிதக் குரல் எப்படி ஒலிக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மெக்கின்டாஷ் எம்சி275, மராண்ட்ஸ் 8பி போன்றவை அருமையானவை. ஆனால் அவற்றின் விலைக்கு முதல் பரிசோதனை செய்யத் துணிய வேண்டாம்.

படி 3: வால்வு கிடைக்குமா?

ஈஎல்34, ஈஎல்84, 12ஏஎக்ஸ்7 எல்லாம் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. 7591 பல காலம் கிடைக்காமல் இருந்து, இப்போது மறுபடி புதிதாக வருகிறது. ஸ்டீரியோ 70-ல் இருக்கும் 7199 தேட வேண்டிய சரக்கு. ஒரே வால்வுக்கு இரண்டு பெயர் இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஈஎல்84-ம் 6பிக்யூ5-ம் ஒன்று, ஜிஇசட்34-ம் 5ஏஆர்4-ம் ஒன்று.

உள்ளே இருக்கும் சின்ன வால்வுகளில் டெலிஃபங்கன் 12ஏஎக்ஸ்7 இருந்தால், கண்ணாடியின் அடிப்பக்கத்தில் சின்ன வைர வடிவக் குறி அச்சாகியிருக்கும். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பழசு என்று தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

படி 4: டிரான்ஸ்ஃபார்மரை அளந்து பாருங்கள்

வால்வை மாற்றலாம். கெப்பாசிட்டரை, பழைய மெக்கானிக்குகள் சொல்லும் கண்டன்சரை, மாற்றலாம். ரெசிஸ்டர், சாக்கெட், வயர் எல்லாம் மாற்றலாம். வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டால் அந்தப் பெட்டியின் குரலே போய்விட்டது. நீங்கள் உண்மையில் காசு கொடுத்து வாங்குவது அந்த இரும்புக் கட்டிகளைத்தான்.

பெட்டியைக் கவிழ்க்காமல் மேலிருந்தே அளக்க ஒரு வழி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வால்வுகள் ஆறட்டும். அவுட்புட் வால்வுகளை, அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் ஈஎல்34, 7591, ஈஎல்84 போன்றவற்றை, கழற்றுங்கள். எந்தச் சாக்கெட்டில் எது இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஈஎல்34, 7591 இரண்டிலும் 3-ம் எண் துளைதான் பிளேட், அதாவது வால்வின் உள்ளே இருக்கும் உலோகத் தகட்டுக்குப் போகும் இணைப்பு. ஈஎல்84-ல் 7-ம் எண்.

மின்தடை அளக்கும் முன் மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைச் சேஸிஸிலும் (பெட்டியின் உலோகச் சட்டம்) சிவப்பு முனையைப் பிளேட் துளையிலும் வையுங்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது நிற்கும், ஆளைக் கொல்லும். ஒரு கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். எண் 2 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் ஓம் பக்கம் திருப்ப வேண்டும்.

இப்போது ஒரு சேனலின் இரண்டு பிளேட் துளைகளுக்கும் இடையே அளங்கள். சில நூறு ஓம் வரலாம், குறைவாகவும் இருக்கலாம். எந்த எண் வந்தாலும் மறு சேனலிலும் கிட்டத்தட்ட அதே எண் வர வேண்டும். அதுதான் முக்கியம். முடிவிலி காட்டினால் சுற்று அறுந்திருக்கிறது. பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நான் மாட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. சாக்கெட் படங்கள் எல்லாம் அடியிலிருந்து பார்ப்பது போல வரையப்பட்டவை, எண்கள் கடிகாரச் சுற்றில் போகும். மேலிருந்து பார்க்கும்போது எதிர்ச்சுற்றில் எண்ண வேண்டும். நான் தவறாக எண்ணி, நல்ல டிரான்ஸ்ஃபார்மரை அறுந்தது என்று முடிவுகட்டி, ஒரு நல்ல ஆம்ப்பை விட்டுவிட்டு வந்தேன். இன்றும் அது மனத்தில் உறுத்துகிறது.

படி 5: ஒரு மணி நேரம், இருட்டில்

அவசரப்படக் கூடாத படி இதுதான். என் முதல் ரிசீவரில் 7591 வால்வுகள். விற்றவர் போட்டுக் காட்டினார். பாட்டு தெளிவாகக் கேட்டது, இரைச்சல் இல்லை, இரண்டு சேனலும் சமம். ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு மகிழ்ச்சியோடு தூக்கிக்கொண்டு வந்தேன். அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, டயல் வெளிச்சத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். பின்வரிசையில் ஒரு வால்வின் நடுவே, சாம்பல் நிறத் தகட்டின் ஓரத்தில், மங்கலாக ஒரு சிவப்புக் கோடு. முதலில் ஃபிலமென்ட் வெளிச்சம் பட்டுத் தெரிகிறது என்றே நினைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு அகலமாகி, தகடு முழுவதும் கொல்லன் உலையில் போட்ட இரும்பு மாதிரி ஆகிவிட்டது. அப்போதும் பாட்டு தெளிவாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது!

நடந்தது இதுதான். முன்னால் இருக்கும் டிரைவர் வால்விலிருந்து அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (மின்சார ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) ஒலி ஒரு கப்ளிங் கெப்பாசிட்டர் வழியாகப் போகிறது. அதன் ஒரு பக்கம் 200 வோல்ட்டுக்கு மேல், மறுபக்கம் மைனஸ் வோல்ட். நடுவில் தடுப்பதுதான் அதன் வேலை. பழைய கெப்பாசிட்டர் குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காகத் தடுக்கும். சூடு ஏற ஏறக் கசியும். கசிந்த பிளஸ் வோல்ட், கிரிட்டின் மைனஸைத் தின்றுவிடும். வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும், தகடு சிவக்கும். அப்படியே விட்டால் வால்வோடு நிற்காது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் கொண்டுபோய்விடும். மறுநாள் என் செட்டில் அளந்தபோது மூன்று வால்வுகளில் மைனஸ் 18 வோல்ட், அந்த ஒன்றில் மட்டும் மைனஸ் 11.

ஆகவே வாங்கும் இடத்தில் ஒரு மணி நேரம் ஓட விடச் சொல்லுங்கள். அறையை இருட்டாக்குங்கள். ஒலியைக் காதால் கேட்பது பிறகு. கண்ணால் நான்கு தகடுகளையும் பாருங்கள். ஒன்று மட்டும் சிவந்தால் பெரும்பாலும் கப்ளிங் கெப்பாசிட்டர், அல்லது அந்த வால்வே. நான்கும் சேர்ந்து சிவந்தால் பயாஸ் சப்ளையில், அதாவது கிரிட்டுக்கு அந்த மைனஸ் வோல்ட்டைத் தரும் பகுதியில், கோளாறு. அந்தக் கால ஆம்ப்கள் பலவற்றில் அங்கே ஏசியை டிசியாக்கும் செலினியம் ரெக்டிஃபையர் இருக்கும், அது வயதாகித் தளர்ந்துவிடும். இரண்டும் சரிசெய்யக்கூடிய பழுதுகள்தான். ஆனால் தெரிந்து வாங்குவது வேறு, தெரியாமல் வாங்கி இரவெல்லாம் ஓடவிடுவது வேறு.

விற்பவர் ஒரு மணி நேரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், ஓடாத பெட்டிக்கு என்ன விலையோ அதைத்தான் கொடுப்பேன்.

படி 6: எந்த ஊர் மின்சாரம்?

அமெரிக்கப் பெட்டிகளில் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும். 220–240 வோல்ட் நாடுகளில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகினால் அந்த நொடியே முடிந்தது. பெட்டி 150 வாட் இழுக்கும் என்றால் 300 வாட் ஸ்டெப்-டவுன் வாங்குங்கள். அது வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. 60-க்கு மட்டும் செய்த பவர் டிரான்ஸ்ஃபார்மர் 50-ல் கூடுதலாகச் சுடும். 50–60 என்று போட்டிருப்பதைத் தேடுங்கள், இல்லையென்றால் லீக் ஸ்டீரியோ 20 போன்ற பிரிட்டிஷ் ஆம்ப்கள் பக்கம் போங்கள்.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு

ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் ஓட்ட வேண்டாம். கப்ளிங் கெப்பாசிட்டர்கள் அனைத்தையும், செலினியத்தையும், பவர் சப்ளையின் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களையும் மாற்றிவிடுங்கள். கப்ளிங்குக்குச் சாதாரண 630 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டரே போதும். தங்கம் வெள்ளி என்று விற்பவற்றுக்குச் செலவிடும் காசை நல்ல வால்வு ஜோடிக்குச் செலவிடுங்கள். எலக்ட்ரோலிடிக்கை மாற்றும்போது மதிப்பைக் கண்டபடி கூட்ட வேண்டாம். ஏசியை டிசியாக்கும் வால்வான ஜிஇசட்34-க்கு அடுத்து வரும் முதல் கெப்பாசிட்டர் 60 மைக்ரோஃபாரடைத் தாண்டக் கூடாது.

அப்புறம் பயாஸ். ஸ்டீரியோ 70-ல் சேனலுக்கு ஒரு திருகு, மீட்டரில் 1.56 வோல்ட் வரும்வரை திருப்ப வேண்டும். அரை மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

பின்சேர்க்கை

படித்துவிட்டுச் சிலர் கேட்டவை. வால்வுக்குள் நீல ஒளி தெரிகிறதே என்றால், கண்ணாடியின் உட்புறத்தை ஒட்டி இருக்கும் நீலம் பயப்பட வேண்டியதில்லை. தகட்டின் சிவப்புதான் ஆபத்து. வால்வின் உச்சியில் இருக்கும் வெள்ளிப் பூச்சு பால் வெள்ளையாகிவிட்டால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது.

முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது தொடராக ஒரு பல்பு போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தேன் ஒருவருக்கு. எல்இடி பல்பைப் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்றார். இழை உள்ள பழைய குண்டு பல்பு, 100 வாட், அதுதான் வேண்டும். ஷார்ட் இருந்தால் அது முழு வெளிச்சத்தோடு எரிந்து உங்களை எச்சரிக்கும், பெட்டிக்கு ஒன்றும் ஆகாது.

வால்யூம் குமிழை லேசாகத் தொட்டாலே வீடு அதிர்கிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். பெட்டியில் பழுதில்லை. இன்றைய சிடி பிளேயர் 2 வோல்ட் தருகிறது, அந்தக் கால இன்புட் அரை வோல்ட்டுக்கும் குறைவாக எதிர்பார்க்கிறது. நடுவில் சிக்னலைக் குறைக்கும் ஒரு 10 டெசிபல் அட்டென்யுவேட்டர் சொருகினால் குமிழ் நடுப்பகுதிக்கு வந்துவிடும். குமிழின் தொடக்கத்தில் இடது வலது சமமில்லாமல் கேட்டதும் அதோடு சரியாகிவிடும்.