பங்குனி மாதக் கச்சேரிகள்: போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குனி பிறந்துவிட்டால் கொங்கு நாட்டில் இருட்டியதும் எந்தத் திசையில் காது கொடுத்தாலும் ஒரு மேளச் சத்தம் கேட்கும். ஈரோட்டில் பெரிய மாரியம்மனுக்குக் கோயில் முன்னால் கம்பம் என்ற மரத்தை நடுவார்கள். பண்ணாரியில் குண்டம், அதாவது தீமிதி. பழனிக்குத் தீர்த்தக் காவடி. இதற்கு நடுவில் கோவையில் சபாக் கச்சேரி, பெரிய மைதானங்களில் சினிமாப் பாட்டு நிகழ்ச்சி, ஏதாவதொரு கிராமத்தில் வள்ளி கும்மி அரங்கேற்றம். இவ்வளவு இருந்தும், "நல்ல பாட்டுக் கேக்கோணும்னா மெட்ராசுக்குத்தான் போகோணும்" என்று சொல்கிறவர்கள் நம்மிடையே நிறைய. எனக்கு அதைக் கேட்டால் மனசு வலிக்கும். கூப்பிடு தூரத்தில் நடப்பதைத் தவறவிட்டுவிட்டு அப்படிச் சொல்கிறோம். எங்கே, எப்படித் தவறவிடுகிறோம் என்று பார்த்தால் பெரும்பாலும் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே தவறு நடந்துவிடுகிறது.

செல்போனில் டிக்கெட் செயலியைத் திறந்து, ஊர்ப் பெயரைப் போட்டு, அதில் வருவதுதான் இந்த மாதக் கச்சேரி என்று முடிவுகட்டுவது முதல் தவறு. டிக்கெட் விற்கிற நிகழ்ச்சி மட்டும்தான் அதில் வரும். நட்ட கம்பத்தைச் சுற்றி ஆடுகிற கம்பத்தாட்டத்துக்கு டிக்கெட் ஏது? அதற்குக் கோயில் நோட்டீஸ் பார்க்க வேண்டும். டீக்கடைச் சுவரிலும் மளிகைக் கடை வாசலிலும் ஒட்டியிருக்கும். மேலே இருக்கும் பூஜை விவரத்தைத் தாண்டிக் கீழே வந்தால், எந்த நாள் இரவு கும்மி, எந்த நாள் நாதஸ்வரம், எந்த நாள் இன்னிசைக் கச்சேரி என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். நோட்டீஸ் கிடைக்காவிட்டால் அந்த ஊர்க்காரரிடம் "திருவிழா எப்போ?" என்று கேட்காமல் "பூச்சாட்டு எப்போங்க?" என்று கேளுங்கள். பூச்சாட்டுதான் திருவிழாவின் தொடக்கச் சடங்கு, அந்த நாளிலிருந்துதான் எல்லாக் கணக்கும். அது தெரிந்துவிட்டால் கம்பம் நடுவது என்றைக்கு, மாவிளக்கு என்றைக்கு, கம்பம் பிடுங்குவது என்றைக்கு என்று அவரே விரல் விட்டுச் சொல்லிவிடுவார்.

கம்பத்தாட்டம் பார்க்கப் போகிறவர்கள் ஆட்டம் சூடு பிடித்த பிறகு போய், பத்து நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். முன்னாலேயே போங்கள். ஒரு வருடம் நான் சீக்கிரமே போய்விட்டேன். கோயில் முன்னால் ஆளே இல்லை. ஓரமாகப் பறைக்காரர்கள் நான்கு பேர் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் ஒருவர் தோலை நெருப்புக்கு நேரே பிடிப்பார், திருப்புவார், காதோரம் கொண்டுபோய் விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். முதலில் தொப்பென்று ஈரச் சத்தம். மறுபடியும் நெருப்பு, மறுபடியும் சுண்டல். "இன்னுஞ் செத்த காயோணும் தம்பி" என்றார். ஐந்தாறு தடவைக்கு அப்புறம் சுண்டினபோது கிண்ணென்று ஒரு சத்தம் வந்தது, அவர் முகம் மாறிவிட்டது. அதே பறைதான், நெருப்பில் தோல் இறுகியதும் குரல் ஏறிவிடுகிறது. ஆட்டத்துக்கு நடுநடுவே அவர்கள் அடியை நிறுத்திவிட்டு நெருப்புப் பக்கம் போவதும் இதற்காகத்தான். "நிறுத்திட்டாங்க, முடிஞ்சுது" என்று நினைத்து அந்த நேரத்தில் கிளம்பிவிடாதீர்கள். காய்ச்சிக்கொண்டு திரும்பி வந்து அடிப்பார்கள் பாருங்கள், அந்த அடிதான் கேட்க வேண்டியது.

வள்ளி கும்மிக்கு வந்துவிடலாம். தெக்கம்பட்டிப் பக்கத்துக் கும்மி ஆசிரியர் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு வள்ளி ஒயில் கும்மியைப் பற்றி வெளியூர்க்காரர்களும் விசாரிக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் போகிறவர்கள் ஆட்டத்தை மட்டும் பார்க்கிறார்கள், பாட்டைக் கேட்பதில்லை. ஒரே நிறச் சேலையில் நூறு பேர் சுற்றி வருவது கண்ணுக்கு அழகு, சரி. அதை நடத்துவது நடுவில் மைக் பிடித்து நிற்கிற ஆசிரியரின் குரல். வள்ளி பிறந்ததிலிருந்து முருகன் வந்து மணம் முடிப்பது வரை கதையை அவர் பாட்டாகவே கொண்டுபோகிறார். மெட்டு மாறும்போது அடவு, அதாவது ஆட்ட அடி, மாறுகிறது. அதனால் ஒலிபெருக்கிக் குழாய்க்கு அடியில் நிற்காமல், ஆசிரியர் பாடுவது வார்த்தை வார்த்தையாகப் புரிகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். தயவுசெய்து படம் எடுக்க வட்டத்துக்குள் நுழையாதீர்கள். ஒருத்தர் அடி தவறினால் பின்னால் வருகிற பத்துப் பேருக்குத் தவறும். வாரக்கணக்கில் வேலை முடித்து வந்து ராத்திரி ராத்திரி பழகியவர்கள் அவர்கள்.

உடுக்கை அடித்துக் கதை சொல்கிற உடுக்கைப் பாட்டில் ஒரே ராத்திரியில் முழுக் கதையையும் கேட்டுவிடலாம் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பிகளின் அண்ணன்மார் கதை பல இரவுகள் பாடுகிற கதை. 1960-களில் பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானிடவியலாளர் காங்கேயம் பக்கத்தில் தங்கி அதை முழுதாக ஒலிப்பதிவு செய்தார், பல இரவுகள் பிடித்தன. ஒரு இரவுதான் போக முடியும் என்றால், அன்றைக்கு எந்தக் கட்டம் என்று கேட்டுக்கொண்டு போங்கள். அவர்கள் போர்க்களத்தில் விழுகிற படுகளம் என்றால் எந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டுப் போகலாம்.

சபாக் கச்சேரிக்கு வேறு கணக்கு. கோவை ஆர்.எஸ்.புரத்தில் பாரதிய வித்யா பவன் பக்கம் போகும்போது அறிவிப்புப் பலகையை ஒரு பார்வை பாருங்கள். நுழைவுக் கட்டணமே இல்லாத கச்சேரிகள் நிறைய நடக்கின்றன. "எனக்கு ராகம் தெரியாதே" என்று தயங்குவது தேவையில்லாத பயம். எனக்கும் தெரியாமல்தான் போக ஆரம்பித்தேன். பாடகரின் வலது கைப்பக்கம் மிருதங்கம் இருக்கும், அதாவது நமக்கு இடது பக்கம். அதன் வலது கை வாசிக்கிற முகமான வலந்தலை நம்மைப் பார்த்திருக்கும். புதிதாகப் போகிறவர்கள் அந்தப் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்தால் விரல்கள் என்ன செய்கின்றன என்பது கண்ணுக்கே தெரியும். பாட்டுப் புரியாவிட்டாலும் தாளம் பிடிபட்டுவிடும்.

இங்கே எல்லோரும் செய்கிற பெரிய தவறு, மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போவது. பெரிய பாட்டின் கடைசிக் கட்டத்தில் பாடகர் கையைக் காட்டி மிருதங்கத்திடம் விடுவார். உடனே பாதி அரங்கம் காபிக்கு எழுந்துவிடும். இரண்டு மணி நேரம் இன்னொருவருக்குத் துணையாக வாசித்த மனிதருக்கு அன்றைக்குக் கிடைக்கிற சொந்த நேரம் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம்தான். முதலில் மெதுவாகக் கட்டிக்கொண்டு வருவார், கடமோ கஞ்சிராவோ இருந்தால் இருவரும் மாறி மாறி வாசிப்பார்கள், வாசிப்பின் நீளம் குறைந்துகொண்டே வந்து கடைசியில் சேர்ந்து வாசிப்பார்கள். பிறகு கோர்வை என்கிற ஒரு தாளக்கட்டை மூன்று தடவை வாசித்துப் பாட்டின் முதலடியில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அந்த இடத்தில் பாடகர் பல்லவியை எடுக்கும்போது எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறிகிறது. காபி அப்புறம் குடிக்கலாம்.

இனி மைதான நிகழ்ச்சிகள். பாடகர் பெயரைப் பார்த்து டிக்கெட் வாங்கும் முன் இரண்டு விஷயம் விசாரியுங்கள். இசைக்குழு மேடையில் இருக்கிறதா, இல்லை, குரல் இல்லாமல் முன்பே பதிவு செய்த மைனஸ் ஒன் டிராக்கை ஓடவிட்டு மேலே பாடப்போகிறார்களா? சில ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு, வயலின் சத்தம் கேட்கும், வயலின்காரரைக் காணோம் என்ற நிலை எனக்கு ஒரு தடவை நேர்ந்தது. அடுத்தது, உங்கள் பகுதியில் நாற்காலிக்கு எண் உண்டா? எண் இல்லையென்றால் முதலில் வருகிறவருக்கு முதல் இடம், அப்படித்தான். முடிந்தால் நடு மைதானத்தில் மிக்ஸர் கன்சோல் வைத்திருக்கும் இடத்துக்கு அருகில் இடம் பிடியுங்கள். ஒலி அமைப்பாளர் அங்கே நின்று கேட்டுத்தான் எல்லாவற்றையும் சரி செய்கிறார். அவர் காதுக்கு நன்றாக இருந்தால் உங்கள் காதுக்கும் நன்றாக இருக்கும். கடைசி நாளில் வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்புகிற டிக்கெட் படத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். டிக்கெட்டில் உள்ள க்யூ.ஆர். குறியீட்டை வாசலில் ஒரு தடவைதான் ஏற்றுக்கொள்வார்கள், அதே படத்தை அவர் எத்தனை பேருக்கு அனுப்பினாரோ.

நேரமும் கவனம். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. விழாக் காலங்களில் அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. ஆறு மணி என்று போட்டு ஏழரைக்கு ஆரம்பித்தாலும் பத்துக்கு முடித்தாக வேண்டும். நல்ல பாட்டெல்லாம் கடைசி அரை மணி நேரத்தில் அடுக்கடுக்காக வரும். பஸ்ஸுக்குப் பயந்து ஒன்பதரைக்கே கிளம்பினால் அதெல்லாம் போச்சு. எனவே திரும்புகிற வழியை முதலிலேயே பார்த்துவையுங்கள். கோவையில் திருப்பூர், ஈரோடு பஸ்ஸுக்குக் காந்திபுரம், கரூர், திருச்சிக்குச் சிங்காநல்லூர், பொள்ளாச்சிக்கு உக்கடம். ராத்திரியில் தப்பான நிலையத்துக்குப் போய் நின்றால் ஒரு மணி நேரம் வீண்.

குழந்தைகளை மேடை ஓர ஸ்பீக்கர் பக்கம் கூட்டிப்போகவே கூடாது. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்று வைத்தால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிடம். மருந்துக் கடையில் காதடைப்பான் கிடைக்கும், வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதைப் போட்டாலும் பாட்டு நன்றாகவே கேட்கும்.

கடைசியாகப் பங்குனி உத்திரம். கே.பி.சுந்தராம்பாள் பிறந்த கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு கொங்கு நாட்டுக்காரர்கள் காவடியோடு பழனிக்கு நடப்பார்கள். பழனி மலையடிவாரக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் எதையும் சரியாகக் கேட்க முடியாது. வழியில் அவர்கள் இளைப்பாறுகிற ஏதாவதொரு சின்ன ஊரில் நில்லுங்கள். ஒரு கூட்டத்தின் மேளம் தூரத்தில் தேய்ந்து போகும், அடுத்த கூட்டத்தின் உறுமி எதிர்த் திசையில் மெல்ல ஏறி வரும். நடந்து வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு குடம் மோர் கொண்டுபோங்கள்.