ஈபே ஏலத்தில் விற்பனையாளர் பெயரில் வரும் போலி மின்னஞ்சல்: கண்டறிவதும் புகார் அளிப்பதும்

ஈபே தளத்தில் ஏலத்துக்கு வந்த ஒரு பழைய ரோலிஃபிளெக்ஸ் கேமராவை நீங்கள் 410 டாலர் வரை கேட்டிருக்கிறீர்கள். கடைசி நொடியில் வேறொருவர் 415 டாலருக்கு அதை எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையில் விற்பனையாளரின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வருகிறது. ஏலத்தில் வென்றவர் பணம் கட்டவில்லை என்றும், நீங்கள் கேட்ட 410 டாலருக்கே கேமராவைத் தரத் தயார் என்றும், வெளியூர் புறப்படுவதால் இன்று மாலைக்குள் பதில் வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. பொருளின் எண், படம், ஏலம் முடிந்த நேரம் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ஆனால் அவை அனைத்தும் ஏலப் பக்கத்தில் எவரும் பார்க்கக் கூடிய விவரங்கள்தாம். அவற்றைச் சரியாக எழுதியிருப்பது எதற்கும் சான்றாகாது.

இந்த ஏமாற்று எடுபடுவதற்குக் காரணம், இதே போன்ற உண்மையான வசதி ஒன்று ஈபேயில் இருப்பதுதான். வென்றவர் பணம் செலுத்தாவிட்டாலோ, விற்பனையாளர் மனத்தில் வைத்த குறைந்தபட்ச விலையை ஏலம் எட்டாவிட்டாலோ, அதே பொருள் அவரிடம் இன்னொன்று இருந்தாலோ, ஏலத்தில் தோற்றவருக்கு அவர் கேட்ட உச்சத் தொகைக்கே பொருளைக் கொடுக்க முன்வரலாம். இதற்கு ‘செகண்ட் சான்ஸ் ஆஃபர்’ என்று பெயர். எனவே கடிதம் சொல்லும் கதை நம்பும்படியாக இருக்கிறதா என்று யோசிப்பதில் பயனில்லை, நம்பும்படியாகத்தான் இருக்கும்.

பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தக் கடிதத்தின் பிரதி உங்கள் ஈபே கணக்குக்குள் இருக்கிறதா என்பது. மின்னஞ்சலில் உள்ள எந்த இணைப்பையும் தொடாமல், உலாவியில் ஈபே முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, அல்லது கைப்பேசிச் செயலியைத் திறந்து, ‘மெசேஜஸ்’ பகுதிக்குச் செல்லுங்கள். உண்மையான இரண்டாம் வாய்ப்பு அங்கே வந்திருக்கும்; அதற்கான பணத்தையும் தளத்துக்குள்ளேயே, வழக்கமான முறையில் செலுத்த முடியும். அங்கே இல்லையென்றால் அந்த மின்னஞ்சல் போலி என்று முடிவு செய்துவிடலாம். கணக்குக்குள்ளேயே வரும் கடிதத்திலும் ஓர் எச்சரிக்கை தேவை. பிறருடைய கணக்கைக் கைப்பற்றியவர்கள் அதன் வழியாகவும் எழுதுவார்கள். ‘இனி என் சொந்த மின்னஞ்சலுக்கு எழுதுங்கள்’ என்று உங்களை வெளியே அழைத்துப் போக முயன்றால், அத்துடன் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.

மற்ற அறிகுறிகள் இந்தச் சோதனைக்குத் துணையாக நிற்பவை. அனுப்புநர் இடத்தில் தெரியும் பெயரை எவரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பின்னால் உள்ள முகவரியையும், பதில் போய்ச் சேரும் முகவரியையும் பாருங்கள். இரண்டும் வெவ்வேறாக இருந்து, பதில் மட்டும் யாரோ ஒருவரின் இலவச ஜிமெயில் கணக்குக்குப் போவதானால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. இணைப்பின் மீது சுட்டியை வைத்தால் அது உண்மையில் எங்கே போகிறது என்று தெரியும். அந்த முகவரியில் தளப்பெயர் முடிந்து முதல் ஒற்றைச் சாய்கோடு வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். ‘ஈபே டாட் காம்’ என்பதற்கு அடுத்துச் சாய்கோடு வராமல் இன்னொரு புள்ளியும் வேறொரு பெயரும் தொடருமானால், அந்தக் கடைசிப் பெயருக்கு உரியவர்தான் தளத்தின் சொந்தக்காரர். எழுத்துப்பிழை இருந்தால் போலி என்ற பழைய அறிவுரையை இப்போது நம்ப வேண்டாம். பிழையில்லாமல் எழுதித்தரும் கருவிகள் மோசடிக்காரர்களிடமும் இருக்கின்றன.

பணம் கேட்கும் விதம்தான் அவர்களால் எவ்வளவு முயன்றும் மறைக்க முடியாதது. வெஸ்டர்ன் யூனியன், நேரடி வங்கிப் பரிமாற்றம், கிரிப்டோ நாணயம், கிஃப்ட் கார்டின் பின்புற எண்ணைச் சுரண்டிப் படமெடுத்து அனுப்புவது என்று எது கேட்கப்பட்டாலும், தளத்துக்கு வெளியே செலுத்திய பணத்துக்கு பணத்தைத் திருப்பித் தரும் ஈபேயின் ‘மணி பேக் கியாரண்டி’ பாதுகாப்பு கிடையாது.

வாகன விற்பனையில் இது இன்னும் விரிவான நாடகமாக நடக்கும். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 20 பேர் மீது சுமத்தப்பட்டு 2019இல் வெளியான குற்றச்சாட்டு, ருமேனியாவிலிருந்து இயங்கிய ஒரு கும்பலின் வேலைமுறையை விவரித்தது. இல்லாத கார்களை ஏல, விற்பனைத் தளங்களில் விளம்பரம் செய்வார்கள். ராணுவத்தில் இருப்பதாகவும் வெளிநாட்டுப் பணிக்குப் புறப்படுமுன் விற்றாக வேண்டும் என்றும் சொல்வார்கள். பெயர்பெற்ற நிறுவனங்களின் சின்னம் பொறித்த இன்வாய்ஸ் அனுப்புவார்கள். சந்தேகப்பட்டு அழைத்தால் பதில் சொல்ல, வாடிக்கையாளர் சேவை மையம் போலவே நடிக்கும் ஆட்களையும் வைத்திருந்தார்கள். ஆகவே மின்னஞ்சலில் தரப்பட்ட எண்ணை அழைத்துச் சரிபார்ப்பது சரிபார்ப்பு ஆகாது. திருடனிடமே சாட்சி கேட்பதுதான் அது. ‘பணத்தை ஈபே வைத்திருந்து, நீங்கள் வண்டியைப் பார்த்த பிறகுதான் விற்பவருக்குக் கொடுக்கும்’ என்று எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். ஈபேயின் வாகனப் பாதுகாப்புத் திட்டம் அப்படி இயங்குவதில்லை.

உங்கள் முகவரி அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்ற கேள்வி எழும். ஏலம் கேட்டவர்களின் பெயர் முன்பு முழுமையாகத் தெரிந்தது. இப்போது நட்சத்திரக் குறிகளால் மறைக்கப்படுகிறது. எனினும் ஜிமெயிலில் வைத்திருக்கும் பெயரையே ஈபேயிலும் பயனர் பெயராக வைத்திருந்தால், அதை ஊகிப்பது சிரமமில்லை. இரண்டையும் வேறாக வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் அளிக்க, கடிதத்தை ‘ஸ்பூஃப் அட் ஈபே டாட் காம்’ (spoof@ebay.com) என்ற முகவரிக்கு ஃபார்வர்ட் செய்ய வேண்டும். தலைப்பு வரியை (சப்ஜெக்ட்) மாற்றாதீர்கள். உரையை நகலெடுத்து ஒட்டாதீர்கள். கடிதம் எந்தெந்தக் கணினிகளைக் கடந்து வந்தது என்பது ‘ஹெடர்’ எனப்படும் அதன் தலைப்பகுதியில்தான் பதிவாகியிருக்கிறது. நகலெடுத்து ஒட்டினால் அது தொலைந்துபோகும். ஜிமெயிலைக் கணினியில் திறந்து, கடிதத்தின் மூன்று புள்ளிப் பட்டியலில் ‘ஃபார்வர்ட் அஸ் அட்டாச்மென்ட்’ என்பதைத் தேர்ந்தால் தலைப்பகுதி முழுமையாகச் செல்லும். அனுப்பிய கையோடு அழித்துவிட வேண்டாம், காவல்துறைக்குத் தேவைப்படலாம். கணக்குக்குள் வந்த செய்தியாக இருந்தால் அங்கேயே ‘ரிப்போர்ட்’ பொத்தான் உண்டு. உண்மையான விற்பனையாளருக்கும், ஏலப் பக்கத்தின் வழியாகவே, இரண்டு வரி எழுதுங்கள். அவருடைய பெயரும் இதில் கெடுகிறது. மோசடிக்காரருக்கு மட்டும் திட்டிக்கூடப் பதில் எழுத வேண்டாம். உங்கள் முகவரி உயிரோடு இருக்கிறது என்று அவருக்கு உறுதி செய்வதைத் தவிர வேறு பயன் இல்லை.

இணைப்பில் நுழைந்து கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், ஈபே கடவுச்சொல்லையும், அதே சொல்லை வேறெங்கு பயன்படுத்தியிருந்தாலும் அவற்றையும் உடனே மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லை முதலில் மாற்றுவது நல்லது. அது அவர்கள் கையில் இருந்தால் மற்ற மாற்றங்களையும் அவர்களே பார்ப்பார்கள். பணமே அனுப்பிவிட்டிருந்தால், வெட்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் வங்கியை அல்லது கார்டு வழங்கிய நிறுவனத்தை அழையுங்கள். கிஃப்ட் கார்டானால் ரசீதையும் கார்டையும் தூக்கி எறியாதீர்கள்.

அதன் பிறகு அரசுப் புகார். அமெரிக்காவில் எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையமான ஐசி3 தளம்; கனடாவில் கனடிய மோசடித் தடுப்பு மையம்; ஆஸ்திரேலியாவில் ஸ்கேம்வாட்ச். பிரிட்டனில் சந்தேகத்துக்குரிய மின்னஞ்சல்களை ‘ரிப்போர்ட் அட் ஃபிஷிங் டாட் கவ் டாட் யூகே’ (report@phishing.gov.uk) முகவரிக்கு அனுப்பலாம். இந்தியாவிலிருந்து பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்குவதற்காகவே அந்த எண் இருப்பதால், ஒரு மணி நேரத் தாமதமும் கணக்கில் வரும். ஏல எண், கடிதம், பணம் அனுப்பிய ரசீது, பெறுநரின் கணக்கு விவரம் ஆகியவற்றை ஒரே கோப்புறையில் போட்டு வைத்துக்கொண்டால், எங்கே எத்தனை முறை கேட்டாலும் கொடுக்கலாம்.

சில வாரங்கள் கழித்து, இழந்த பணத்தை மீட்டுத் தருவதாக, புலனாய்வு அதிகாரி என்ற பெயரில் இன்னொரு மின்னஞ்சல் வரலாம். ஏமாந்தவர்களின் பட்டியல் இவர்களுக்குள் கைமாறுகிறது. முன்பணம் கேட்டால் அதுவும் போலிதான். அதையும் முதல் புகாரின் எண்ணைக் குறிப்பிட்டு அதே இடத்தில் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.