புது ஃபிலிம் கேமரா வரும் என்று காத்திருக்கிறீர்களா?

ஃபிலிம் பித்து பிடித்தவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்த யோசனை வரும்: நாற்பது வருஷப் பழைய கேமராவை வாங்கி ஏன் அவஸ்தைப்பட வேண்டும், ஏதாவது ஒரு கம்பெனி புதுசாகச் செய்யட்டும், அப்போது வாங்கிக்கொள்ளலாம். செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் பலர் மனதில் வைத்திருக்கும் கேமராவை அல்ல.

ஜெர்மனியின் லைக்கா கம்பெனி ஃபிலிம் கேமரா செய்வதை நிறுத்தவே இல்லை. 1984-ல் வந்த எம்6-ஐ 2022-ல் மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள், விலை ஐயாயிரம் டாலருக்கு மேல், அதனால் நம்மில் பெரும்பாலோருக்கு அது பேச்சோடு சரி. பென்டாக்ஸ் 17 வேறு கதை. பென்டாக்ஸ் பெயரைக் கையில் வைத்திருக்கும் ரிக்கோ நிறுவனம் 2022 டிசம்பரில் ஃபிலிம் கேமரா செய்யும் யோசனையை அறிவித்து, 2024-ல் 500 டாலர் விலையில் இறக்கியது. அது பாதிச் சட்டக் (ஹாஃப் ஃபிரேம்) கேமரா, அதாவது ஒரு படம் விழும் இடத்தில் இரண்டு விழும், 36 படம் எடுக்கும் ரோலில் 72 எடுக்கலாம், சாதாரணமாகப் பிடித்தால் படம் நெட்டுக்குத்தாக விழும். தானாக ஃபோகஸ் ஆகாது, தூரத்தை நாமே குத்துமதிப்பாகக் கணித்து வளையத்தைத் திருப்ப வேண்டும். அதே வருஷம் ஹாங்காங்கின் மின்ட் நிறுவனம் ரோலெய் (Rollei) 35ஏஎஃப் கேமராவை வெளியிட்டது, இது முழுச் சட்டம், ஆட்டோஃபோகஸும் உண்டு.

ஆகவே அடுத்த முறை "புது ஃபிலிம் கேமரா" என்று செய்தி வந்தால் துள்ளிக் குதிக்காமல் முதலில் ஃபோகஸ் எப்படி என்று பாருங்கள். எதையும் மாற்ற முடியாத நிலையான ஃபோகஸ், பிளாஸ்டிக் லென்ஸ், ஒரே ஷட்டர் வேகம் என்றால் அது பொம்மைக்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான். டப்பாவில் பெரிய பழைய பெயர் இருப்பதை நம்ப வேண்டாம், கோடக் எக்டார் எச்35-ஐச் செய்வது கோடக் அல்ல, பெயர் உரிமம் வாங்கிய ரெட்டோ என்ற கம்பெனி. அப்புறம் சட்டத்தின் அளவு, ஐஎஸ்ஓவை (ஃபிலிம் எவ்வளவு வெளிச்சம் கேட்கும் என்ற எண்) நாமே வைக்க முடியுமா, பழுதானால் யார் பார்ப்பார்கள் என்று விசாரியுங்கள்.

எஸ்எல்ஆருக்குத்தான் (லென்ஸ் வழியே வரும் காட்சியையே கண்ணாடி மூலம் பார்த்து எடுக்கும் கேமரா) காத்திருக்கிறேன் என்றால், என் கருத்து: காத்திருக்காதீர்கள். கேனான் ஈஓஎஸ்-1வி விற்பனை 2018-ல் முடிந்தது, நிக்கான் எஃப்6 2020-ல். மடங்கி எழும் கண்ணாடி, ப்ரிஸம், ஷட்டர் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பாகம் செய்து கொடுத்த பட்டறைகளும் கைப்பழக்கம் உள்ள ஆட்களும் வேண்டும். பென்டாக்ஸ்காரர்கள் வெறும் ஃபிலிம் சுற்றும் நெம்புகோலுக்கே ஓய்வுபெற்ற பொறியாளர்களைத் தேடிப்போய்க் கேட்க வேண்டியிருந்தது. நம் ஊட்டியில் 'இந்து' ஃபிலிம் செய்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் மூடிக் கிடப்பதை நினைத்தாலே போதும், ஒருமுறை கலைந்த வேலையைத் திரும்பக் கூட்டுவது லேசில்லை.

அதனால் பழையதையே பார்த்து வாங்குங்கள். பேட்டரி இல்லாமலும் ஷட்டர் ஓடுகிற பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 மாதிரி கேமராக்கள் ஆரம்பிக்க நல்லது. கேனான் ஏஇ-1 அழகுதான், ஆனால் 6 வோல்ட் பேட்டரி தீர்ந்தால் அசையாது. ஒலிம்பஸ் ஓஎம்-1 வாங்கினால் அதற்கான 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது கிடைக்காது, 1.5 வோல்ட் போட்டால் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் தப்பாகக் காட்டும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கையில் எடுத்ததும் பின் மூடியைத் திறந்து, ஃபிலிம் இல்லாமல், ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை அமுக்கிப் பாருங்கள். பொதுவாக 1 விநாடி, 1/2 விநாடியில்தான் முதலில் குட்டு வெளிப்படும், எண்ணெய் காய்ந்திருந்தால் இழுத்துக்கொண்டு நிற்கும். மூடி ஓரத்து ஃபோமை விரலால் தொடுங்கள், தார் மாதிரி ஒட்டினால் வெளிச்சம் கசியும். பெரிய செலவில்லை, மாற்றிவிடலாம், விலையைக் குறைக்க அதைச் சாக்காக வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். லென்ஸை மட்டும் கட்டாயம் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நான் முதன்முதலில் வாங்கியபோது அவசரத்தில் அதைச் செய்யவில்லை, வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை.

கே1000 வாங்கினால் ஒன்று: மீட்டருக்கு ஆஃப் சுவிட்சே கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டு வைக்காவிட்டால் பேட்டரி சும்மா தீரும்.

முதல் ரோலைக் கல்யாணத்துக்கோ ஊர்ப்பயணத்துக்கோ எடுத்துப் போகாதீர்கள். தெருவில், வெயிலில் எடுத்து லேபுக்குக் கொடுங்கள். ரோலை மாட்டிய பிறகு நெம்புகோலை இழுக்கும்போது இடப்பக்க ரீவைண்ட் குமிழ் சுழல்கிறதா என்று கவனியுங்கள். சுழலவில்லை என்றால் ஃபிலிம் பற்களில் மாட்டவில்லை, 36 படமும் எடுத்ததாக நினைத்து வெறும் ரோலைத்தான் கொடுப்பீர்கள்.