புட்டிங்: கடைசி நொடியில் கை இறுகாமல் பந்தை உருட்டுவது எப்படி?

கோல்ஃபில் குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டிய புல்தரைக்கு கிரீன் என்று பெயர். அங்கே புட்டர் என்ற மட்டையால் பந்தைக் குழிக்குள் உருட்டுவது புட்டிங்; அப்படி ஓர் அடி, ஒரு புட். பயிற்சி கிரீனில் அழகாக உருளும் பந்து, ஆட்டம் தொடங்கியதும் மூன்றடி தூரத்திலேயே குழியின் இடது ஓரமாக நழுவிப் போகும். புதிதாகக் கோல்ஃப் ஆடுகிறவர்களிடம் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். எனக்கும் நெடுநாள் இருந்த தொல்லை. அது தீர்ந்த வழியைப் படிப்படியாக எழுதுகிறேன்.

எப்படி நிற்பது, தோளை எப்படி அசைப்பது என்று காட்ட வீடியோக்கள் நிறைய உண்டு. அதற்கெல்லாம் இங்கே இடம் கொடுக்கவில்லை. பிடியில் எவ்வளவு அழுத்தம் வேண்டும், அந்த அழுத்தம் மட்டை பந்தைத் தொடும்வரை மாறாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, இந்த இரண்டும்தான் பதிவு. வலது கை ஆட்டக்காரரை வைத்து எழுதியிருக்கிறேன்; இடது கைக்காரர்கள் இடது, வலதை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

கைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது மட்டையின் முகம், அதாவது பந்தைத் தொடும் பக்கம்தான். மட்டை வந்த பாதைக்கு அதில் பங்கு குறைவு. குழியின் விட்டம் 4.25 அங்குலம், நடுவிலிருந்து விளிம்புக்கு 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். 10 அடி தூர புட்டில் முகம் 1 டிகிரி திரும்பியிருந்தால், பந்து குழியை எட்டும்போது நடுவிலிருந்து சுமார் 2 அங்குலம் விலகியிருக்கும். விளிம்பைப் பிடித்து உள்ளே விழுந்தால் உண்டு. வலது கை கடைசி நேரத்தில் லேசாக இறுகினாலே முகம் இடதுபக்கம் திரும்பிவிடும். 1 டிகிரிக்கு அந்த இறுக்கம் தாராளமாகப் போதும்.

படி 1: பிடி

மற்ற மட்டைகளை விரல்களில் பிடிப்போம். புட்டரை உள்ளங்கையில் பிடிக்க வேண்டும். கட்டைவிரல் மேட்டுக்கும் எதிர்ப்பக்க மேட்டுக்கும் நடுவே ஓடும் ரேகையில் கைப்பிடி உட்காரட்டும். அப்போது மட்டைத் தண்டும் முன்கையும் ஒரே கோட்டில் வரும், மணிக்கட்டு ஆடுவது தானாகக் குறையும். இரண்டு கட்டைவிரல்களும் கைப்பிடியின் தட்டையான மேல்பக்கத்தில் நேராகக் கீழ்நோக்கி இருக்கட்டும். (கைப்பிடியில் இப்படித் தட்டையான பக்கம் வைக்க விதி அனுமதிப்பது புட்டருக்கு மட்டும்தான்.) இடது ஆள்காட்டி விரல் வலது கை விரல்களின் மேல் படிந்திருக்கட்டும். இதற்கு ரிவர்ஸ் ஓவர்லேப் என்று பெயர். தொடக்கத்துக்கு இதுவே நல்லது.

இதுதான் ஒரே பிடி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க ஆட்டக்காரர் ஜோர்டான் ஸ்பீத் இடது கையைக் கீழே வைத்துப் பிடிக்கிறார். புட்டிங்கில் கை உதறும் யிப்ஸ் தொல்லையோடு பல காலம் போராடிய ஜெர்மானிய ஆட்டக்காரர் பெர்ன்ஹார்ட் லாங்கர், பிடியை மாற்றி மாற்றி 1985, 1993 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மாஸ்டர்ஸ் என்ற பெரும் போட்டியை வென்றார். ஆனால் முதல் சில மாதங்களுக்கு ஒரு பிடியிலேயே இருங்கள். வாரம் ஒரு பிடி என்று மாற்றினால் அழுத்தம் கைக்குப் பழகவே பழகாது.

படி 2: அழுத்தம்

"பத்துக்கு மூன்று, நான்கு" என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். அந்த எண்ணைக் கேட்டு எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கோலம் போடுகிறவர் மாவைப் பிடிக்கிற பிடியை நினைத்துக்கொண்டதும் பிடிபட்டது. இறுக்கினால் மாவு விழாது, கோடு அறுந்துவிடும், தளர்த்தினால் கொட்டிவிடும். கோடு முடியும்வரை அந்த அழுத்தம் மாறுவதே இல்லை.

சோதிக்க ஒரு வழி: புட்டரைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கி மெதுவாக ஆட்டுங்கள். கீழே மட்டைத் தலையின் கனம் கைக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பிடி இறுக்கம். அப்படியே உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். நகத்தின் நுனி வெளுத்திருந்தால் அழுத்தம் அதிகம். மணிக்கட்டின் உட்பக்கம் நரம்பு புடைத்துக்கொண்டு நின்றாலும் அப்படித்தான். தோளைத் தளர்த்தி ஒரு மூச்சு விடுங்கள். நகத்தில் நிறம் திரும்பும். அந்த அழுத்தம்தான் நமக்கு வேண்டியது.

அழுத்தம் குறைவாக இருப்பதைவிட ஒரே அளவில் இருப்பது முக்கியம். கொஞ்சம் இறுக்கிப் பிடித்தே நன்றாக ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். நடுவில் மாறினால்தான் வம்பு.

படி 3: பந்துக்குப் போவதற்கு முன்

மற்றவர் ஆடும்போதே உங்கள் வேலையைத் தொடங்கிவிடுங்கள். பந்துக்குப் பின்னால் நின்று ஒரு முறை பாருங்கள். சரிவின் தாழ்ந்த பக்கத்திலிருந்து ஒரு முறை. குழிக்கு முந்தைய மூன்று நான்கு அடிகளைக் கூர்ந்து பாருங்கள். பந்து வேகம் இழக்கும் இடம் அதுதான், அதிகம் வளைவதும் அங்கேதான். பெர்முடா என்ற வகைப் புல் போட்ட கிரீன் என்றால் புல் எந்தப் பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கிறது என்றும் கவனியுங்கள். பளபளப்பாகத் தெரிந்தால் புல் உங்களை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். கறுத்துத் தெரிந்தால் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பந்து மெதுவாகப் போகும். புல்லைக் கையால் தேய்த்துப் பார்க்காதீர்கள். ஆட்டத்தின்போது கிரீனைச் சோதிக்க அப்படிச் செய்வது விதிமீறல். ஷூ ஆணித் தடங்களைச் சரிசெய்யலாம்; 2019 விதிகள் அதற்கு இடம் தந்துவிட்டன.

படி 4: ஒத்திகை

பந்துக்குப் பக்கத்தில் நின்று, குழியைப் பார்த்துக்கொண்டே இரண்டு முறை மட்டையை ஆட்டுங்கள். தரையைப் பார்த்து ஆட்டுவது ஒத்திகை ஆகாது. கண் தூரத்தை அளக்க அளக்க, கை அதற்கேற்ற வீச்சைத் தானே தேடிக்கொள்ளும். நம்பிக்கை வரவில்லை என்றால், பயிற்சி கிரீனில் வலது கையால் பந்தைக் குழிப் பக்கம் உருட்டிப் பாருங்கள். எவ்வளவு பின்னால் கையைக் கொண்டுபோக வேண்டும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. புட்டரிலும் அதே கை, அதே உணர்வு.

தொடக்கத்தில் திசையைவிடத் தூரத்தைக் கவனியுங்கள். அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களே 8 அடியிலிருந்து ஏறக்குறைய இரண்டில் ஒன்றைத்தான் போடுகிறார்கள். 30 அடியிலிருந்து அடித்தது குழியை ஒட்டி நின்றுவிட்டால் மூன்றாவது புட் தேவைப்படாது.

படி 5: கடைசிப் பார்வைக்கும் மட்டை அசைவுக்கும் நடுவே

எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. முதல் நான்கு படிகளையும் ஒழுங்காகச் செய்துவிட்டு இங்கே கெடுத்துக்கொள்வார்கள்.

நடப்பது இதுதான். பந்தின் முன் நிற்கிறோம். குழியைப் பார்க்கிறோம். பந்தைப் பார்க்கிறோம். "சரியாக நிற்கிறேனா?" என்று ஒரு சந்தேகம். மறுபடி குழி, மறுபடி பந்து. உடம்பு அசையாமல் நிற்கிற ஒவ்வொரு நொடியும் விரல்கள் நமக்குத் தெரியாமல் இறுகிக்கொண்டே போகும். ஒத்திகையில் இருந்த அழுத்தம் காணாமல் போயிருக்கும். ஒத்திகை ஒரு கையோடும் புட் இன்னொரு கையோடும் நடந்த மாதிரி ஆகிவிடும்.

இதற்கு நான் கைக்கொண்ட வரிசை:

முதலில் மட்டை முகத்தைப் பந்துக்குப் பின்னால் வையுங்கள், பிறகு காலை வையுங்கள். காலை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பினால் கை முறுக்கிக்கொள்ளும். நின்றதும் மட்டைத் தலையைத் தரையில் அழுத்தாமல் புல் நுனியில் பட்டும் படாமல் வையுங்கள். அதன் கனம் கையில் தெரிந்துகொண்டே இருக்கும். குழியை ஒரு முறை பாருங்கள். பார்க்கும்போது மூச்சை விடுங்கள். கண் பந்துக்குத் திரும்பி, பந்தின் பின்பக்கத்தில் ஒரு புள்ளியில் நிலைத்ததும் மட்டையை நகர்த்துங்கள். சந்தேகம் வந்தால் நின்ற இடத்திலேயே தீர்க்கப் பார்க்காதீர்கள். விலகி வந்து ஒத்திகையிலிருந்து மறுபடி தொடங்குங்கள். உங்கள் முறை வந்தபின் 40 நொடிக்குள் ஆடும்படி விதிப்புத்தகம் பரிந்துரைக்கிறது. இந்த வரிசைக்கு அதில் பாதி போதும்.

கண் நிலைப்பதைச் சும்மா சொல்லவில்லை. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் விக்கர்ஸ் புட்டிங்கில் பார்வை எப்படி நகர்கிறது என்று ஆராய்ந்து 1992-இல் வெளியிட்டார். தேர்ந்தவர்களின் கண் அங்குமிங்கும் தாவாமல் பந்தில் நிலைத்திருந்தது. பந்து கிளம்பிய பிறகும், பந்து இருந்த இடத்திலேயே பார்வை ஒரு கணம் தங்கியது. ஆகவே பந்து போவதை உடனே தலைதூக்கிப் பார்க்க வேண்டாம். குறுகிய புட்டில் குழியில் விழும் சத்தம் காதில் கேட்கட்டும்.

எதை வாங்கலாம்?

விலையுயர்ந்த புட்டர் இப்போது வேண்டாம். உயரத்துக்குச் சரியான நீளம்தான் முக்கியம். கடைகளில் கிடைக்கும் 35 அங்குலம் பலருக்கு அதிகம். தடித்த கைப்பிடிகள் இப்போது எங்கும் விற்கின்றன. மணிக்கட்டை அடக்க உதவும் என்பது உண்மை. ஆனால் மட்டைத் தலையின் கனம் கைக்கு மங்கலாகத்தான் தெரிகிறது. அழுத்தத்தைப் பழகும் காலத்தில் மெல்லிய கைப்பிடியே மேல் என்பது என் உறுதியான கருத்து. பயிற்சிக்கு ஒரு மீட்டர் இரும்பு ஸ்கேல் போதும். அதன் மேல் பந்தை வைத்து, மறுமுனைவரை விழாமல் உருட்டிப் பழகுங்கள். முகம் திரும்பினால் பந்து பாதியிலேயே இறங்கிவிடும்.

பின்னர் சேர்த்தவை

வியர்வை பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஈரமான கைப்பிடி வழுக்கும், வழுக்கினால் கை தானாக இறுகும். ஒவ்வொரு புட்டுக்கும் முன் கையையும் கைப்பிடியையும் சேர்த்துத் துடையுங்கள். மாதம் ஒரு முறை கைப்பிடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். எண்ணெய்ப் பிசுக்கு போனதும் பாதி அழுத்தத்தில் மட்டை நிற்கும். கையுறையைப் பெரும்பாலோர் கழற்றிவிடுவார்கள். புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஜாக் நிக்லஸ் போட்டுக்கொண்டேதான் புட் அடித்தார், ஆகவே இதில் உங்கள் வசதிதான் கணக்கு.

வீட்டில் பழகலாமா என்று ஒருவர் கேட்டார். தாராளமாக. டைல்ஸ் தரை மிக வேகம், அதில் தூரம் பழக முடியாது. முகத்தை நேராக வைத்துப் பழக டைல்ஸ் இணைப்புக் கோடு நல்ல வழிகாட்டி. தூரத்துக்கு முடி குட்டையான கார்ப்பெட் விரித்துக்கொள்ளுங்கள். குழிக்குப் பதிலாக ஒரு நாணயம் வையுங்கள், டம்ளர் வேண்டாம். நாணயத்தின் மேல் பந்து மெதுவாக ஏறிப்போகும்படி உருட்டிப் பழகியவருக்கு மைதானத்தில் குழி பெரிதாகத் தெரியும்.